பலகையில் ஒட்டிய வெள்ளிக்காசு

என் பெரியப்பா சேஷாத்ரிக்குப் புனேவை ஒட்டிய தேஹு ரோடில் இரண்டு பெயர்கள். வீட்டில் சேஷு. அவர் வேலை பார்த்த ராணுவக் கிடங்கில் 'உல்ட்டா சாஹேப்', அதாவது தலைகீழ் துரை.

கிடங்கில் சரக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை அவருக்கு. அடுக்கின் முன்வரிசையை மட்டும் பார்த்து, நீள அகல உயரத்தைப் பெருக்கிக் கணக்குப் போடுவது வழக்கம். பெரியப்பாவுக்கு அது ஒத்துவராது. ஒருமுறை பெரிய அடுக்கொன்றில் பெட்டிகளின் லேபிள் சுவர்ப்பக்கம் போய்விட்டது. ஒவ்வொரு பெட்டியையும் இறக்கித் திருப்பச் சொன்னார். தொழிலாளிகள் மராட்டியிலும் இந்தியிலும் தெலுங்கிலும் திட்டிக்கொண்டே திருப்பினார்கள். எல்லாம் சரியாகவே இருந்தன. இதற்காகவா இத்தனை பாடு என்று அதிகாரி கேட்டதற்கு, இப்போதுதான் சரியாக இருக்கிறது, இதற்கு முன் சரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம் என்று பதில் சொன்னாராம். உல்ட்டா சாஹேப் என்ற பெயர் அன்று வந்தது. ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை.

பெரியம்மாவுக்கு இந்தக் குணத்தோடு குடும்பம் நடத்திப் பழகிவிட்டது. பெரியப்பா பால் பாக்கெட்டில் தேதி பார்ப்பார், மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்ப்பார், காய்கறிக்காரன் மேலே நல்ல தக்காளியை வைத்திருந்தால் அடியில் கையை விடுவார். பொறுத்துக்கொள்ள முடியாதது காலை நடை நண்பர்களுக்குத்தான். அவர்களிலும் முக்கியமாக ஜோக்ளேகருக்கு.

ஜோக்ளேகர் பக்கத்துக் கட்டடத்தில் இருப்பவர். பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மகாராஷ்டிரத்துக் கோட்டைகளில் பாதிக்குமேல் ஏறியவர். நடை முடிந்ததும் எல்லோரும் அம்ருததுல்ய டீக்கடை வாசலில் நின்று டீ குடிப்பார்கள். அங்கே ஜோக்ளேகர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. யாராவது வாட்ஸ்அப்பில் வந்த சரித்திரத்தைச் சொல்ல ஆரம்பித்தால், தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தும்ஹி பாஹிலத் கா?" என்று கேட்பார். நீங்கள் பார்த்தீர்களா? இல்லை என்றால் பேச்சு அதோடு முடிந்தது. பெரியப்பாவுக்கு இந்தச் சட்டம் மிகவும் பிடித்திருந்தது, ஒருநாள் அது அவர்மேலேயே பாயும்வரை.

சாதவாகனர்களைப் பற்றிப் பேச்சு வந்த நாள் அது. மகாராஷ்டிரத்தின் பைட்டண் நகரிலிருந்து ஆண்டவர்கள். புனேவுக்கு வடக்கே நாணேகாட் கணவாயில் அவர்கள் வெட்டிய கல்வெட்டை ஜோக்ளேகர் மூச்சு வாங்க ஏறிப்போய்ப் பார்த்தவர். அவர் அதைச் சொல்லி முடித்ததும் பெரியப்பா, உங்கள் சாதவாகன ராஜா வெள்ளிக்காசு போட்டான், அதன் ஒரு பக்கத்தில் பிராகிருதம், மறுபக்கத்தில் எங்கள் தமிழ், அப்படி ஒரு காசு என் ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்றார். பள்ளிப் பருவத்தில் வாத்தியார் ஒருவர் சொல்லிக் கேட்டது. பிறகு புத்தகத்திலும் படித்திருந்தார். அது தமிழ்தான் என்று சிலரும், தமிழுக்கு நெருக்கமான வேறொரு தென்மொழி என்று சிலரும் சொல்வது வரை அவருக்குத் தெரியும்.

ஜோக்ளேகர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அய்யர், தும்ஹி பாஹிலத் கா?"

பெரியப்பாவால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அன்று மாலையே இணையத்திலிருந்து வேறு ஏதோ காசின் படத்தை எடுத்து நடை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஜோக்ளேகர் அதற்குக் கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பினார். பெரியப்பா படத்தை உடனே அழித்துவிட்டார். ஜோக்ளேகர் செய்ததில் தவறில்லை என்பதுதான் அவரைக் குடைந்தது. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அந்தக் காசின் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று டீக்கடை வாசலில் சொல்லிவிட்டார்.

அடுத்த தடவை போனார். பிம்ப்ரி, சிஞ்ச்வட் பக்கம் ஆலைகளுக்கு வியாழக்கிழமை விடுமுறை, கடைகளும் பல அன்று மூடியிருக்கும். அந்தப் பழக்கத்தில் வியாழனைத் தவிர்த்தார். அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை என்று கேள்விப்பட்டிருந்ததால் திங்களையும் தவிர்த்தார். வெள்ளிக்கிழமை காலை போய் நின்றார். அங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. மறுநாள் விடிகாலை ரயில்.

அதற்கு அடுத்த முறை போனது ஒரு கல்யாணத்துக்கு. புனேயிலிருந்து போகிறவர்கள் ஊரில் எங்கும் தங்குவதில்லை, சாப்பிடத்தான் செய்கிறார்கள். ஒரு வீட்டில் காபி குடித்துவிட்டு இன்னொரு வீட்டில் குடிக்காமல் வந்தால் அந்த வருத்தம் பத்து வருஷம் போகும். முகூர்த்தச் சாப்பாடு, கட்டுச்சாதம், மூன்று வீட்டு டிபன் எல்லாம் முடிந்து வேனில் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் அருங்காட்சியகத்தின் வாசல் வந்தது. டிரைவரை நிறுத்தச் சொன்னாராம். வேனில் இருந்த பத்துப் பேரும் கூடாது என்றார்கள்.

இரண்டு முறையும் திரும்பி வந்ததும் அதே கேள்வி, அதே சிரிப்பு. மூன்றாவது முறை இந்த ஜனவரியில். காசைப் பார்ப்பதற்காகவே போகிறேன் என்றார். முட்டிவலியால் பெரியம்மா வரவில்லை. பாணேரில் என் அலுவலகத்துக்கு ஃபோன் செய்து, "நீ கூடப் போடி. தனியா விட்டா இவர் அங்கேயே பாயப் போட்டுப் படுத்துடுவார்" என்றாள். எனக்கும் லீவு மீதி இருந்தது.

அந்த ஊரில் சரசா அத்தை இருக்கிறாள். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் அக்கா. பெட்டியை வைக்கும் முன்பே கேட்டுவிட்டாள்.

"கோவில் இருக்கு, கொளம் இருக்கு, கூடப் பொறந்தவ நான் இருக்கேன். ஒடஞ்ச பானையும் பழங்காசும் பாக்கவா ரெண்டு ரயில் மாறி வந்தே?"

"உன்னையும்தான் பாக்க வந்தேன்" என்றார் பெரியப்பா.

"பொய் சொல்லாதேடா. நான் இந்த ஊர்லயே பொறந்து இந்த ஊர்லயே வாழ்க்கைப்பட்டவ, அந்தப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கினதில்லை. எனக்கென்ன கொறஞ்சு போச்சு?"

அத்தையின் கணவர் விச்சு அத்திம்பேர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, வியாழக்கிழமை மத்தியானம் தன் தம்பி வீட்டில் சாப்பாட்டுக்குச் சொல்லியிருப்பதாகவும், அங்கே போகாமல் ரயில் ஏறினால் தன் தலைதான் உருளும் என்றும் சொன்னார். அன்று புதன். எங்களுக்கு வியாழன் மாலை ரயில். அன்றே அருங்காட்சியகத்துக்குக் கிளம்பினோம்.

அருங்காட்சியகம் பழைய அரண்மனை ஒன்றின் தர்பார் மண்டபம். வாசலில் இரண்டு பீரங்கிகள், வேப்ப மரத்தடியில் கை உடைந்த துவாரபாலகர்கள், உள்ளே ஆளுயரத் தாழிகள், கண்ணாடிப் பெட்டிக்குள் செப்புத் திருமேனிகள். நின்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. பெரியப்பா எதையும் பார்க்காமல் நேரே கடைசி அறைக்குப் போனார்.

காசுகள் கண்ணாடி மேசைக்குள், சரிவாக வைத்த ஒரு பலகையில் இருந்தன. பலகைக்குச் சிவப்புத் துணி சுற்றியிருந்தார்கள். அது இப்போது பழுப்பு. ரோமானியக் காசுகள், பாண்டியர் சதுரக் காசுகள், அவற்றுக்கு நடுவில் அந்த வெள்ளிக்காசு. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது. ராஜாவின் தலை, பக்கவாட்டில், சுருட்டை முடியும் எடுப்பான மூக்குமாக. சுற்றிலும் எழுத்து. கீழே அட்டையில் தட்டெழுத்தில் இருந்தது: முன்புறம் அரசன் தலை, பிராகிருத எழுத்து. பின்புறம் சின்னம், தமிழ் எழுத்து.

பின்புறம் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பெரியப்பா குனிந்தார். மேசையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ப் பார்த்தார். ஃபோன் டார்ச்சைப் போட்டுக் கண்ணாடியோடு கன்னத்தை ஒட்டி வைத்தார். கடைசியில் தரையில் உட்கார்ந்து அடியிலிருந்து பார்க்க முயன்றார். வராந்தாவிலிருந்து வந்த பணியாளர், கண்ணாடியைத் தொடக்கூடாது, ஃபோனை உள்ளே வையுங்கள் என்றார். பெரியப்பா எழுந்து நின்று, கிடங்கில் பேசுவதைப்போல, இதைத் திருப்பிக் காட்ட வேண்டும் என்றார். சாவி காப்பாட்சியர் மேடத்திடம் இருக்கிறது, மேடம் மீட்டிங்குக்குச் சென்னை போயிருக்கிறார், நாளைக்கு வருவார் என்று பதில் வந்தது.

வியாழன் காலை கதவு திறக்கும்போதே போய் நின்றோம். மேடம் வரவில்லை. ரயில் தாமதம் என்றார்கள். வேப்ப மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து, வரிசையாகப் பார்த்து, வரிசையாகப் போனார்கள். சரசா அத்தை ஃபோன் செய்தாள். பிறகு அத்திம்பேர். பிறகு மறுபடியும் அத்தை, இலை போட்டாகிவிட்டது என்று. பெரியப்பா ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டார். அதோ வந்துவிட்டோம் என்று நான் மூன்று முறை சொல்லவேண்டியிருந்தது. பசித்தது. வெயில் பெஞ்சுக்கு வந்துவிட்டது. நாளைக்கு வெள்ளிக்கிழமை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

காப்பாட்சியர் ஜான்சி தோளில் பயணப்பையோடு வந்தார். என்னைவிடக் கொஞ்சம் வயது கூடியவராக இருக்கலாம். பெரியப்பா சொன்னதை நின்றபடியே முழுதும் கேட்டார். டீக்கடையையும் ஜோக்ளேகரையும்கூட. கேட்டுவிட்டுப் பையை வைக்கப் போகாமல் நேரே எங்களோடு வந்தார். அந்த அறைக்கு வந்ததும் மேசையைத் திறக்கவில்லை.

"சார், உங்ககிட்ட மொதல்லயே சொல்லிடறேன். அது ஒட்டியிருக்கு."

"ஒட்டியிருக்கா?"

"பலகையோட சேத்து ஒட்டியிருக்கு சார். அந்தக் காலத்துல திருடு போயிடும்னு யாரோ அப்படிப் பண்ணியிருக்காங்க. இந்த வரிசை மொத்தமும் அப்படித்தான்."

"எதால ஒட்டியிருக்கா?"

"அது தெரியலை. பிரிச்சா வெள்ளியும் சேந்து உரிஞ்சு வந்துடும். சென்னையிலேர்ந்து வேதியியல் ஆளுங்க வந்துதான் எடுக்கணும். எழுதியிருக்கேன்."

"எப்போ வருவா?"

"எழுதியிருக்கேன் சார்."

பெரியப்பா அட்டையை மறுபடி படித்தார். பிறகு, பின்பக்கத்தை எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. முன்பு இருந்தவர்கள் யாராவது பார்த்திருப்பார்களா? ஒட்டினவர் பார்த்திருப்பார் என்றார் ஜான்சி. அவர் யார், இப்போது எங்கே இருக்கிறார் என்பது தெரியவில்லை.

"நீங்க பாத்திருக்கேளா?"

"இல்ல சார்."

"அப்போ பின்னாடி தமிழ் இருக்குன்னு அட்டையில எழுதினது யாரு?"

"புஸ்தகத்தைப் பாத்து எழுதினதுதான் சார். இந்த வகைக் காசுல அப்படித்தான் இருக்கும்."

"இருக்கும்" என்றார் பெரியப்பா. "இருக்குன்னு சொல்லலையே நீங்க. இருக்கும்னு சொல்றேள். பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேளே அம்மா."

அவர் குரல் உயரவில்லை. ஜான்சியின் முகம்தான் சுருங்கியது. இரவு முழுக்க ரயிலில் உட்கார்ந்து வந்தவர், வேறு யாராக இருந்தாலும் எங்களை அனுப்பிவிட்டிருப்பார். அவர் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேசையைத் திறந்தார். பணியாளரைக் கூப்பிட்டு, இருவருமாகப் பலகையைத் தூக்கி வெளியே எடுத்தார்கள்.

"நீங்களே பாருங்க சார். மெதுவா."

உல்ட்டா சாஹேப் பலகையைத் திருப்பினார். பின்னால் துணியின் மடிப்பு, துருப்பிடித்த சிறு ஆணிகள், ஒட்டுப்பலகை, அதில் ஒரு பூச்சிக்கூடு. அவ்வளவுதான். காசுகள் எல்லாம் தலைகீழாகத் தரையைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தன. ஒன்றுகூட விழவில்லை. மறுபடி நிமிர்த்தியபோது, வெள்ளிக்காசின் விளிம்பில் பழைய பசை தேன் நிறத்தில் வழிந்து இறுகியிருந்தது. பெரியப்பா நகத்தை அதன் அருகே கொண்டுபோனார். ஜான்சி தடுக்கவில்லை. பெரியப்பாவே நகத்தை விலக்கிக்கொண்டார்.

"உள்ள வெச்சுடுங்கோ" என்றார்.

அத்திம்பேரின் தம்பி வீட்டில் எங்களுக்காகக் காத்திருந்து காத்திருந்து, மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டிருந்தார்கள். ஆறிப்போன சாம்பாரும் வெண்டைக்காய்க் கறியும் வைத்தார்கள். சரசா அத்தை பாயசம் விடும்போது கேட்டாள், "பாத்தியா உன் காச?" பெரியப்பா, பாதி என்றார். பாதி பார்க்கவா இத்தனை பேரைப் பட்டினி போட்டே என்றாள். அவர் பாயசத்தைக் குடிக்கவில்லை. அதற்கும் சேர்த்து அந்த வீட்டில் வருத்தம்.

ரயிலில் நான் ஃபோனில் தேடி, ஏலத்தில் விற்ற இதே வகைக் காசு ஒன்றின் பின்பக்கத்தை எடுத்துக் காட்டினேன். சின்னமும் சுற்றிலும் எழுத்துகளும் தெளிவாகவே இருந்தன. பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அது அந்தக் காசு. இது இந்தக் காசு" என்று ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார். "ஒரு பெட்டியத் தொறந்து பாத்துட்டு பக்கத்துப் பெட்டிக்குக் கையெழுத்துப் போட முடியுமா?"

அதற்குப் பிறகு புனே வரும்வரை அவர் பேசியது டிக்கெட் பரிசோதகரிடம் மட்டும்தான்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது நேரமாகிவிட்டதால் அன்று பெரியப்பா வீட்டிலேயே தங்கினேன். மறுநாள் காலை ஷேர் ஆட்டோ பிடிக்க நான் கிளம்பியபோது அவரும் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கூட வந்தார். ஆட்டோ நிற்கும் இடம் டீக்கடைக்கு எதிரில்தான். ஜோக்ளேகரும் மற்றவர்களும் ஏற்கெனவே கடை வாசலில் நின்றிருந்தார்கள். பெரியப்பா அந்தக் குறுகிய சாலையைக் கடந்து அவர்களிடம் போனார், நான் பேச்சு கேட்கும் தூரத்தில் ஆட்டோவுக்காக நின்றேன். பெரியப்பாவைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி வழிவிட்டார்கள். ஜோக்ளேகர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"மக், அய்யர்? தும்ஹி பாஹிலத் கா?" அப்புறம், பார்த்தீர்களா?

ஆமாம் என்று அவர் சொல்லியிருக்கலாம். அங்கே யாரும் அந்த ஊருக்குப் போகப்போவதில்லை. போனாலும் காசைத் திருப்பிப் பார்க்க முடியாது. உண்மை தெரிந்த ஒரே ஆள் நான், நான் எதிலும் வாயைத் திறப்பவள் அல்ல என்பது அவருக்குத் தெரியும். ஒரு நிமிடம் அவர் என் பக்கம் பார்த்தார். பிறகு மராட்டியில் எல்லாவற்றையும் சொன்னார். ராஜாவின் முகத்தைப் பார்த்தேன், அதைச் சுற்றியிருந்த பிராகிருத எழுத்தைப் பார்த்தேன், பலகையின் பின்பக்கத்தைப் பார்த்தேன், பசையைப் பார்த்தேன், தமிழைப் பார்க்கவில்லை. ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. உங்கள் பக்கம் இருக்கிறது, என் பக்கம் ஒட்டியிருக்கிறது என்று முடித்தார்.

எல்லோரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஜோக்ளேகர் பெரியப்பாவின் தோளில் கையை வைத்தார்.

"மீ மான்தோ" என்றார். நான் ஒப்புக்கொள்கிறேன். காசில் தமிழ் இருக்கிறது, இந்தப் பேச்சு இத்தோடு முடிந்தது, இன்றைக்கு எல்லோருக்கும் டீ என் செலவு.

பெரியப்பாவின் முகம் சிவந்துவிட்டது. தோளிலிருந்த கையை எடுத்துவிட்டார்.

"மானூ நகா" என்றார். ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஜோக்ளேகருக்குப் புரியவில்லை. இத்தனை நாளாக நான் ஒப்புக்கொள்ளவேண்டும் என்றுதானே சண்டை போட்டீர்கள், இப்போது ஒப்புக்கொண்டால் கோபப்படுகிறீர்களே என்று மற்றவர்களைப் பார்த்துக் கேட்டார். அவர்களும் பெரியப்பாவைச் சமாதானம் செய்யத்தான் பார்த்தார்கள். ஒருவர் பிஸ்கட் நீட்டினார். பெரியப்பா டீயை எடுக்காமலே சாலையைக் கடந்து என்னிடம் வந்தார்.

"ஒத்துக்கறாராம். யாரு கேட்டா இவர? நான் பாக்கலைன்னு சொல்றேன், இவர் ஒத்துக்கறாராம்."

என் ஆட்டோ வந்துவிட்டது. நான் ஏறிக்கொண்டேன்.

இது நடந்து சில மாதங்கள் ஆகின்றன. பெரியப்பா வாரம் ஒருமுறை ஜான்சிக்கு ஃபோன் செய்கிறார். ஆள் வரவில்லை. எழுதியிருக்கிறேன் சார் என்கிறார் அவர், ஒருமுறைகூட அலுத்துக்கொள்ளாமல். மறுபடியும் போவீர்களா என்று பெரியம்மா கேட்டால், பசையை எடுத்த அன்றைக்கு என்கிறார். சரசா அத்தை அவரோடு பேசுவதில்லை.

டீக்கடையில் ஜோக்ளேகர் இப்போதும் எல்லோரையும் அந்தக் கேள்வி கேட்கிறார், பெரியப்பாவைத் தவிர. பெரியப்பா எதைச் சொன்னாலும் தலையாட்டிவிடுகிறார். உடம்பு சரியில்லாதவனிடம் பேசுகிற மாதிரி பேசுகிறார் என்று பெரியப்பா என்னிடம் குமுறினார். அவரோடு சேர்ந்து நடப்பதை நிறுத்திவிட்டு, அவர்கள் வழக்கமாக நடக்கும் மைதானத்தை எதிர்த்திசையில் சுற்ற ஆரம்பித்தார். அப்படிச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் நேருக்கு நேர் வரவேண்டியிருக்கும் என்பதை முதல் நாள் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போயிருந்தபோது பார்த்தேன். ஜோக்ளேகர் எதிரில் வந்தார், வழக்கம்போலக் கேட்காமல் புன்னகை மட்டும் செய்தார். பெரியப்பா நடையைக் குறைக்காமல், அவர் கண்ணைப் பார்த்து, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போனார்.

"அஜூன் நாஹீ."

இன்னும் இல்லை. அடுத்த சுற்றிலும் சொன்னார்.